8 வயது மகளுக்கும் 11 வயது மகனுக்கும் எந்தக் கதைப் புத்தகம்?

"ஆங்கிலவழிப் பள்ளியில் 3-ஆம் வகுப்பு படிக்கும் என் மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். 6-ஆம் வகுப்பு படிக்கும் மகன் காமிக்ஸைத் தவிர வேறு எதையும் கையில் எடுப்பதில்லை. மனத்தைத் தொடுகிற, அதே சமயம் சாகசமும் உள்ள தமிழ்க் கதைப் புத்தகங்களை இவர்களுக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது? சோகமான சம்பவங்கள் வந்தால் கொடுக்கலாமா, தவிர்க்க வேண்டுமா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாக நான் செய்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனத்தைத் தொடும் கதை ஒரு வகை, சாகசக் கதை இன்னொரு வகை என்று பிரித்துக்கொண்டு, பெண் பிள்ளைக்கு அதையும் ஆண் பிள்ளைக்கு இதையும் வாங்குகிற வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் போகும் புத்தகங்களைக் கவனித்தால் இந்தப் பிரிவினை பொய் என்று தெரிந்துவிடும். யாரோ ஒருவர் மேல் வைத்த பாசத்துக்காக ஒரு குழந்தை தன் சக்திக்கு மீறிய ஒரு காரியத்தில் இறங்குகிறது என்றால், அந்தக் கதையில் நெகிழ்ச்சியும் சாகசமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. யாருக்காக என்ற கேள்விக்குப் பதில் இல்லாத சாகசம் வெறும் ஓட்டமும் துரத்தலுமாகப் போய்விடும். யாருமே எதையும் துணிந்து செய்யாத அன்புக் கதை பத்தாவது பக்கத்தில் குழந்தைக்குக் கொட்டாவியை வரவழைத்துவிடும்.

நான் சொல்வதற்கு எடுத்துக்காட்டாக ஒரு புத்தகத்தை முன்வைக்கிறேன். ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயநாகி தம் சிறுவயது அனுபவங்களை வைத்து எழுதி 1981-இல் வெளிவந்த டோட்டோ-சான் அது. நேஷனல் புக் டிரஸ்ட் அதைத் தமிழில் வெளியிட்டிருக்கிறது. முதல் வகுப்பிலேயே ஒரு பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக வைத்திருக்கும் டோமோயி என்ற பள்ளியில் வந்து சேருகிறாள். அந்தப் பள்ளி வளாகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறி உட்காருவதற்கென்று ஒரு மரம் உண்டு. அடுத்தவர் மரத்தில் ஏற வேண்டுமானால் வீட்டுக்குள் போவதற்குக் கேட்பதைப் போல அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். போலியோவால் கைகால் பாதிக்கப்பட்ட யாசுவாகி-சான் என்ற பையனுக்கு மட்டும் மரம் கிடையாது. டோட்டோ-சான் அவனைத் தன் மரத்துக்கு விருந்தாளியாக அழைக்கிறாள்.

கோடை விடுமுறை. இரண்டு பேரும் வீட்டில் உண்மையைச் சொல்லாமல் வந்திருக்கிறார்கள். தன் நாயிடம் மட்டும் அவள் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறாள். பள்ளிக் காவலரின் கொட்டகையிலிருந்து ஓர் ஏணியை இழுத்து வந்து மரத்தில் சாத்துகிறாள். அடியில் பிடித்துக்கொள்ள ஆளில்லாததால் அது ஆடுகிறது, அவனால் ஒரு படிகூட ஏற முடியவில்லை. அவன் தலைகுனிவதைப் பார்த்ததும் மறுபடி கொட்டகைக்கு ஓடி, தானாகவே நிற்கக்கூடிய மடக்கு ஏணி ஒன்றைக் கண்டுபிடித்து இழுத்து வருகிறாள். அவன் ஒவ்வொரு படியாகக் காலை எடுத்து வைக்க, அவள் கீழிருந்து தாங்குகிறாள். அவன் உச்சிப்படிக்கு வந்த பிறகுதான் ஏணியிலிருந்து மரக்கிளைக்கு அவனை எப்படி மாற்றுவது என்பதை அவள் யோசிக்கவே இல்லை என்று தெரிகிறது. கடைசியில் அவள் கிளையில் நின்றுகொண்டு முழு பலத்தையும் போட்டு அவனை இழுக்கிறாள். பெரியவர் யாராவது அப்போது பார்த்திருந்தால் அலறியிருப்பார். அவன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து, அங்கிருந்து தெரியும் உலகத்தைப் பார்க்கிறான்.

இந்த அத்தியாயத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் பையன்களும் ஏணி ஆடுகிற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். இதில் வில்லன் இல்லை, புதையல் இல்லை, காடும் மலையும் இல்லை. ஆனால் விழுந்துவிடக்கூடிய உண்மையான ஆபத்து இருக்கிறது, முதல் முயற்சி தோற்கிறது, அடுத்த வழியைக் குழந்தையே கண்டுபிடிக்கிறாள். எந்தக் கதைப் புத்தகத்தை எடுத்தாலும் நான் இந்த மூன்றையும்தான் தேடுகிறேன். சிக்கல் முற்றியதும் போலீஸ்காரரோ முனிவரோ தேவதையோ வந்து எல்லாவற்றையும் முடித்துவைக்கிற கதையென்றால் அந்தப் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடுகிறேன். தனக்கு ஒத்த வயதுள்ள ஒருவர் யோசித்து, பயந்து, தவறி, மறுபடி எழுந்து ஒரு காரியத்தை முடிப்பதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் கதை படிக்கிறார்கள்.

அடுத்து மொழி. தமிழ்ப் புத்தகம் வாங்கும் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதைத்தான், உங்கள் மகளுடைய பிரச்சினையும் இதுதான். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள் என்றால் தமிழுக்கு 247 என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். குழந்தையின் கண்ணுக்கு உண்மையில் சிரமம் தருவது எண்ணிக்கை அல்ல, வேறு இரண்டு விஷயங்கள். 'கெ', 'கே', 'கை' என்ற எழுத்துகளில் உயிரொலிக்கான குறியீடு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறியீடு இரண்டு பக்கமும் நிற்கிறது. இது பழகுவதற்கு நாளாகும். இன்னொன்று, நம் வினைச்சொற்களின் நீளம். எங்கள் நூலகத்தில் ஒரு சிறுமி, திருடனைப் பிள்ளைகள் துரத்தும் கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். "பின்தொடர்ந்துகொண்டிருந்தனர்" என்ற சொல்லில் விரலை வைத்து, பின், தொடர், ந்து என்று ஒவ்வொரு துண்டாக ஏறி முடித்தபோது அவள் முகத்தில் களைப்புத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்து, "யாரு?" என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லைக் கடப்பதற்குள் திருடனும் போய்விட்டான், துரத்தியவர்களும் போய்விட்டார்கள். அதே பக்கத்தை நான் வாசித்துக் காட்டினேன். பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே, "இப்ப அவன் வைக்கோல்போருக்குள்ள ஒளிஞ்சிருப்பான்" என்று சொன்னாள். அவள் சொன்னதுபோலவே அடுத்த பக்கத்தில் இருந்தது.

காது எட்டும் தூரத்தைக் கண் இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான். ஆகவே உங்கள் மகளுக்கு இரண்டு விதமான புத்தகங்கள் தேவை. அவளே வாசிப்பதற்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகளும் பெரிய எழுத்தும் நிறையப் படமும் உள்ள சிறு நூல்கள் வேண்டும். நீங்கள் வாசித்துக் காட்டுவதற்கு அவளுடைய வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ற நீண்ட கதை வேண்டும். முதல் வகையை மட்டும் கொடுத்தால், ஆங்கிலத்தில் மந்திரவாதிகளையும் விண்வெளியையும் படிக்கிற பிள்ளை, தமிழில் காக்கா வடை தூக்கிய கதையோடு நின்றுவிடுகிறாள். தமிழ் என்றாலே சின்னக் குழந்தைகளின் மொழி என்று அவள் மனத்தில் பதிந்துவிடும். அப்படிப் பதிந்துபோன பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அதைப் பின்னால் மாற்றுவது மிகக் கடினம்.

நடையைப் பார்க்கக் கடையிலேயே நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். "சென்றனர்", "கூறினான்", "வினவினாள்" என்றே பக்கம் முழுவதும் போனால், வீட்டில் "போனாங்க", "சொன்னான்", "கேட்டா" என்று பேசிப் பழகிய குழந்தைக்கு அது ஏறக்குறைய இன்னொரு மொழி. நல்ல குழந்தை எழுத்தாளர்கள் "போனார்கள்", "சொன்னான்", "கேட்டாள்" என்ற எளிய எழுத்து வழக்கில் கதையைச் சொல்கிறார்கள், உரையாடலில் பேச்சுத் தமிழை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பாத்திரங்கள் பேசத் தொடங்கியதும் கூட்டிப் படிக்கும் குழந்தையின் வேகம் தானாகக் கூடுவதை நீங்களே கேட்கலாம். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தெரியாவிட்டால் புத்தகம் கடினம் என்று விரல்விட்டு எண்ணும் ஒரு வழி ஆங்கில வாசிப்பில் இருக்கிறது. தமிழுக்கு அதைச் சற்று மாற்றி, பொருள் தெரியாத சொற்களுக்குப் பதில் குழந்தை தடுக்கி நிற்கும் நீண்ட சொற்களை எண்ணச் சொல்வேன். பொருள் தெரியாத சொல்லைக் கதையின் போக்கே விளக்கிவிடும், நீண்ட சொல் வாசிப்பையே நிறுத்திவிடும்.

இலவசமாகத் தொடங்க விரும்பினால், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளமாக இருக்கின்றன. வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அச்சிட்டும் கொள்ளலாம். தரம் ஒரே சீராக இல்லை, மொழிபெயர்ப்பு சில இடங்களில் இடறும், எனவே நீங்கள் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுங்கள். சென்னையிலுள்ள தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளை வெளியிடுகிறது. ஆங்கிலம் எளிதாக வரும் பிள்ளைக்கு அது நல்ல பாலமாக இருக்கும். ஆனால் கண் ஆங்கில வரிக்கே ஓடும் என்பதால், தமிழ் வரியை நீங்களும் ஆங்கில வரியை அவளும் மாறி மாறி வாசிப்பது நல்லது.

நெகிழ்ச்சி என்ற பெயரில் கொடுக்கப்படும் இன்னொன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதை முடிந்ததும் "இதனால் அறியப்படும் நீதி" என்று ஒரு பெட்டிச் செய்தி போடும் புத்தகங்கள் நம் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பெற்றோருக்கு அது பிடித்திருக்கிறது, அதனால் அச்சாகிறது. ஆனால் அந்தப் பெட்டி, குழந்தை தானாகக் கண்டுபிடித்திருக்க வேண்டியதை அதனிடமிருந்து பறித்துக்கொள்கிறது. டோட்டோ-சானின் ஏணிக்குப் பிறகு, "மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ வேண்டும்" என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்த மரமே சாய்ந்துவிடும். பிள்ளைகள் அந்த இடத்தில் கேட்ட கேள்வி எது தெரியுமா? "அவன் எப்படி இறங்கினான்?" அதுதான் கதைக்குள் போனவர் கேட்கும் கேள்வி.

இப்போது உங்கள் மகன். காமிக்ஸ் படிக்கிறான் என்றால் அவன் வாசகன்தான். அதை வாசிப்பில்லை என்று நினைத்துக் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டாம். இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் 1972-இல் வெளிவரத் தொடங்கியபோது அதைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துவைத்துப் படித்த தலைமுறையிலிருந்து எத்தனையோ நல்ல வாசகர்கள் வந்திருக்கிறார்கள். காமிக்ஸிலிருந்து நாவலுக்கு வர அவனுக்குத் தடையாக இருப்பது பெரும்பாலும் முதல் பத்துப் பக்கங்கள்தான். ஊரையும் குடும்பத்தையும் வானிலையையும் வர்ணித்துவிட்டுக் கதை மெதுவாகக் கிளம்பும் புத்தகம் அவனுக்கு இப்போது வேண்டாம். முதல் இரண்டு பக்கங்களுக்குள் ஏதாவது ஒன்று காணாமல் போக வேண்டும், அல்லது யாராவது ஒருவர் போகக்கூடாத இடத்துக்குப் போக வேண்டும். அத்தியாயங்கள் ஏழெட்டுப் பக்கத்தில் முடிய வேண்டும்.

உலகப் புகழ்பெற்ற சாகச நாவல்களின் தமிழ்ச் சுருக்கங்களைத்தான் பெரும்பாலோர் இந்த வயதுக்கு வாங்கித் தருகிறார்கள். அவற்றில் கவனம் தேவை. 1883-இல் நூலாக வந்த புதையல் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் தளத்தில் ஓர் ஆப்பிள் பீப்பாய் இருக்கிறது. ஏறக்குறைய காலியான அந்தப் பீப்பாய்க்குள் ஓர் ஆப்பிளை எடுக்க இறங்கிய சிறுவன் ஜிம், இருட்டும் கப்பலின் ஆட்டமும் சேர்ந்து கண்ணைச் சொக்கவைக்க அப்படியே உட்கார்ந்திருக்கிறான். யாரோ ஒருவர் கனமாகப் பீப்பாயில் சாய்ந்து உட்கார்கிறார். அதுவரை தன்னிடம் அத்தனை அன்பாகப் பேசிய ஒற்றைக்கால் சமையல்காரர் சில்வர், கப்பலைக் கைப்பற்றப்போவதைப் பற்றிப் பேசுவது ஜிம்முக்குக் கேட்கிறது. மூச்சுவிடவும் பயந்துகொண்டு அவன் உள்ளே இருக்கிறான். நடுவில் சில்வர், தனக்கு ஓர் ஆப்பிள் எடுத்துத் தரும்படி கூட்டாளியிடம் சொல்கிறார்! பல சுருக்கப் பதிப்புகளில் இந்த முழுக் காட்சியும், "ஜிம் அவர்களுடைய சதித்திட்டத்தை மறைந்திருந்து கேட்டான்" என்ற ஒரே வரியாகப் போய்விடுகிறது. பீப்பாயும் இல்லை, பயமும் இல்லை, நேசித்த ஒருவர் ஏமாற்றிவிட்ட வலியும் இல்லை. அந்தப் புத்தகம் கடையில் கண்ணில் பட்டால் முதலில் ஆப்பிள் பீப்பாயைத் தேடிப் பாருங்கள், இரண்டு மூன்று பக்கமாவது இருந்தால் வாங்கலாம். மற்றச் சுருக்கங்களுக்கும் இப்படியே ஒரு காட்சியைத் தேர்ந்துகொண்டு பார்க்கலாம்.

தமிழிலேயே எழுதப்பட்ட புத்தகங்கள் குறைவு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் நிலைமை நிறையவே மாறியிருக்கிறது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் வழங்கிவருகிறது. 2023-இல் அந்த விருதைப் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்டது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் உண்மையாகவே கீறப்பட்டிருக்கிறது. கதையைப் படித்த கையோடு பிள்ளையைக் கீழடி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் அந்த ஓடுகளைக் காட்ட முடியும் என்பது எந்த வெளிநாட்டுச் சாகச நாவலும் நமக்குத் தர முடியாத வாய்ப்பு. உங்கள் மகனுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2020-இல் விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', ஒரு மரப்பாச்சிப் பொம்மையின் துணையோடு, பாலியல் சீண்டல் என்ற கனமான விஷயத்தைக் குழந்தைகளிடம் பேசுகிறது. அவசியமான புத்தகம், ஆனால் நீங்கள் முதலில் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டிய புத்தகம். விருது என்பதாலேயே எல்லாமும் பிள்ளைகளுக்குப் பிடித்துவிடாது, தேர்ந்தெடுப்பவர்கள் பெரியவர்கள்தானே. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் போன்ற பதிப்புகளைச் சென்னைப் புத்தகக் காட்சியிலோ உங்கள் மாவட்டத்துப் புத்தகத் திருவிழாவிலோ பிள்ளைகளே புரட்டிப் பார்த்து எடுக்கட்டும்.

நீங்கள் சிறுவயதில் ரசித்த பழைய சாகசக் கதைகளை மறுபடி வாங்குவதானால், கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். கறுப்பாக இருப்பவன் திருடன், குண்டாக இருப்பவன் கோமாளி, காட்டில் வாழ்பவர்கள் நரபலி கொடுப்பவர்கள், பெண் பிள்ளை கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவள் என்று அவற்றில் பல இடங்களில் வரும். அதற்காகப் புத்தகத்தையே விலக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 11 வயதுப் பையனிடம், "இதை எழுதினவர் ஏன் இப்படி நினைச்சார்?" என்று கேட்கலாம், அவன் பதில் சொல்வான். 8 வயதுக் குழந்தைக்கு அந்தப் புத்தகம் பிறகு போதும்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுக்கும் உரிமை பிள்ளைக்கு நூலகத்தில்தான் கிடைக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகத்திலும் உறுப்பினராகச் சேர்த்துவிடலாம்.

கடைசியாக, சோகம் பற்றிய உங்கள் கேள்வி. கொடுக்கலாம், ஆனால் தனியாக விட்டுவிடக் கூடாது. மரத்தில் ஏறிய யாசுவாகி-சான் அந்தப் புத்தகத்தின் பிற்பகுதியில் இறந்துபோகிறான். போரின்போது டோமோயி பள்ளியும் குண்டுவீச்சில் எரிந்துபோகிறது. முதல்முறை இதை வாசித்தபோது அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாமா என்று நான் தயங்கினேன், பிறகு வாசித்தேன். ஒரு பையன் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "மரம் ஏறுற பக்கத்தை மறுபடி வாசிங்க" என்றான். வாசித்தேன். ஏணி ஆடியது, அவள் ஓடினாள், அவன் ஏறினான், இந்தமுறை எல்லோருக்கும் பின்னால் வரப்போவது தெரிந்திருந்தது. ஆகவே உங்கள் மகளுக்கு அந்தப் புத்தகத்தை இன்றே தொடங்கலாம், இரவுக்கு ஓர் அத்தியாயம் போதும். யாசுவாகி-சான் இறக்கும் அத்தியாயத்தை மட்டும் தூங்கப்போகும் நேரத்தில் வாசிக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், பேசுவதற்கு நேரம் இருக்கும்போது, அவளை மடியில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். பக்கத்து அறையில் காமிக்ஸோடு இருக்கும் அண்ணனைக் கூப்பிட வேண்டியதில்லை. ஏணி ஆடிய இரவிலிருந்தே அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான்.